மேற்கு நோக்கிய குடியேற்றத்தை ஒன்பது வயதுக் குழந்தைக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

கேள்வி – மிசௌரித் தாய்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகில் வசிக்கிறோம். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு, அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் இருவரின் பயணத்தையும் அதன் பின் நடந்த மேற்கு நோக்கிய குடியேற்றத்தையும் பற்றிப் பள்ளியில் ஒரு செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்கள். நானும் என் கணவரும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்கள். வாஸ்கோ ட காமாவைத் தெரிந்த அளவுக்கு இந்த இருவரையும் எங்களுக்குத் தெரியாது.

நூலகப் புத்தகங்களைப் படித்து, 1803-இல் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பரந்திருந்த லூசியானா நிலப்பரப்பை அமெரிக்கா பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது, குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் இவர்களை அனுப்பினார், 1804 மே மாதம் புறப்பட்டவர்கள் பசிபிக் கடலைக் கண்டு 1806 செப்டம்பரில் திரும்பினார்கள் என்பது வரை சொல்லிவிட்டேன். அதற்குப் பின் அவள் கேட்டதுக்குத்தான் எனக்குப் பதில் வரவில்லை. "அங்கே முன்னாடியே ஆட்கள் இருந்தாங்கல்ல? அப்புறம் பிரான்ஸ் எப்படிம்மா வித்துச்சு?"

மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் இரவில் தூக்கம் வராதபடி சொல்லவும் மனமில்லை. வெறும் ஆண்டுகளையும் பெயர்களையும் ஒப்பிக்க வைப்பதிலும் எனக்கு விருப்பமில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் எப்படித் தொடங்கினீர்கள்?

பதில் 1 – சமூக அறிவியல் ஆசிரியை

உங்கள் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். பாடப்புத்தகம் தாண்டிச் சென்றுவிடும் இடத்தை அவள் சரியாகப் பிடித்துவிட்டாள். பிரான்ஸ் விற்றது நிலத்தை அன்று. அந்த நிலத்தின்மேல் மற்ற ஐரோப்பிய அரசுகளை விலக்கிவிட்டுத் தான் உரிமை கோரலாம் என்ற நிலையைத்தான் விற்றது. என் வகுப்பில் இப்படிச் சொல்வேன்: அடுத்த வீட்டு மாமரத்தின்மேல் முதலில் கல்லெறியும் உரிமை தனக்கே என்று உன் தோழி தானாகச் சொல்லிக்கொண்டாள், பிறகு அந்த உரிமையை ஐந்து டாலருக்கு உனக்கு விற்றாள், மரத்துக்குச் சொந்தக்காரரை இருவருமே கேட்கவில்லை. பிள்ளைகள் சிரித்துவிட்டு, உடனே கோபப்படுவார்கள். நிலம் உண்மையில் கைமாறியது அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில், ஒப்பந்தங்களாலும் நெருக்குதலாலும் போராலும்தான் என்பதை அதன்பின் சொன்னால் எளிதில் பிடிபடும்.

அடுத்ததாக 1804-05 குளிர்காலத்தைச் சற்று விரிவாகச் சொல்லுங்கள். இன்றைய வடக்கு டகோட்டாவில், மாண்டன், ஹிடாட்சா என்ற பழங்குடி மக்களின் ஐந்து ஊர்களுக்கு அருகே கோட்டை கட்டி அந்தக் குழு தங்கியது. அந்த ஐந்து ஊர்களில் இருந்தவர்கள் அன்றைய செயின்ட் லூயிஸ் மக்களைவிட அதிகம். மண்ணால் மூடிய வட்ட வீடுகள், மக்காச்சோள வயல்கள், தொலைவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துபோகும் சந்தை என்று நிறைந்திருந்த ஊர்கள் அவை. குழுவினரின் உணவு குறைந்தபோது அவர்களைக் காப்பாற்றியது அந்த ஊர் மக்காச்சோளம். குழுவின் கொல்லர் கோடரி அடித்துக் கொடுத்துச் சோளம் வாங்கினார்; எரிந்து வீணாய்ப்போன ஓர் இரும்பு அடுப்பைத் துண்டுபோட்டு, நான்கு அங்குலச் சதுரத் தகடு ஒன்றுக்கு ஏழெட்டு கேலன் சோளம் பெற்றார்கள் என்று லூயிஸே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அட்டையில் நான்கு அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டிக் கையில் கொடுத்து, எதிரே ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சோளத்தை வையுங்கள். 'ஆளில்லாத நிலம்' என்ற எண்ணம் அந்த இடத்திலேயே கலைந்துவிடும்.

குழுவுடன் சென்ற சக்காஜவேயா என்ற பெண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பல சிறுவர் நூல்கள் அவரை, மேற்கே கைநீட்டி வழிகாட்டும் பெண்ணாக வரைந்துவிடுகின்றன. சில இடங்களை அவர் அடையாளம் காட்டியது உண்மைதான். ஆனால் அவருடைய முக்கியப் பணி மொழிபெயர்ப்பு. ஷோஷோனி இனத்தில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே ஹிடாட்சா வீரர்களால் கவர்ந்து செல்லப்பட்டவர். அந்தக் கோட்டையிலிருந்து குழுவுடன் புறப்படும்போது அவர் முதுகில் இரண்டு மாதக் கைக்குழந்தை. 1805 ஆகஸ்டில், மலையைக் கடக்கக் குதிரை கேட்டு ஷோஷோனி மக்களிடம் பேச அமர்ந்தபோது, எதிரே இருந்த தலைவர் தம் சகோதரர் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்தப் பேச்சு ஷோஷோனியிலிருந்து ஹிடாட்சாவுக்கும், அதிலிருந்து பிரெஞ்சுக்கும், பிறகு ஆங்கிலத்துக்கும் மாறி மாறிச் சென்றது. நான்கு பேரை வரிசையாக உட்காரவைத்து ஒரு வாக்கியத்தை இதேபோல் கடத்திப் பாருங்கள். உங்கள் வீட்டில் தமிழும் ஆங்கிலமும் இருப்பதால் பாதி வேலை முடிந்தது.

யார்க்கையும் விட்டுவிடாதீர்கள். கிளார்க்கின் அடிமையாக முழுத் தொலைவும் சென்று, மற்றவர்களைப் போலவே வேட்டையாடி, படகு இழுத்தவர். 1805 நவம்பரில், குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டபோது அவருடைய கருத்தும் குறித்துக்கொள்ளப்பட்டது. ஆனால் திரும்பிய பின் மற்ற வீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் 320 ஏக்கர் நிலமும் கிடைக்க, யார்க்குக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விடுதலை கேட்டபோதும் கிளார்க் மறுத்தார்.

பதில் 2 – ஒரிகன் அப்பா

ஆசிரியை சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் முதல் நாளே நியாய அநியாயத்தில் தொடங்கினால், ஒன்பது வயதுப் பிள்ளை இதையும் நல்லொழுக்க வகுப்பாக எண்ணிக் கொட்டாவி விட்டுவிடும் என்று அஞ்சுகிறேன். என் மகனை இழுத்துப் பிடித்தது ஒரு சின்ன விலங்கு. புல்வெளியில் வளை தோண்டி வாழும் 'பிரெய்ரி நாய்' என்ற அணில் இனத்தைப் பிடிக்க, அந்தக் குழுவினர் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீரை வளைக்குள் ஊற்றினார்கள்; பிடித்ததை உயிரோடு ஜெஃபர்சனுக்கு அனுப்பியும் வைத்தார்கள். இதைக் கேட்ட பிறகுதான் அவன் வரைபடத்தையே விரித்துப் பார்த்தான். மொண்டானாவின் பெருநீர்வீழ்ச்சிகளைச் சுற்றிப் படகுகளைப் பதினெட்டு மைல் தரைவழியே இழுத்தபோது, மான்தோல் செருப்பைத் துளைத்துச் சப்பாத்திக்கள்ளி முள் காலில் ஏறியது என்று சொன்னேன். சென்ற விடுமுறையில் எங்கள் ஊர் வேலியோரம் அதே முள்ளை மிதித்து அழுதவன் என்பதால், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிற்காலக் குடியேற்றத்துக்கு, குடும்பங்கள் மேற்கே கொண்டுசென்ற கூண்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கூடு ஏறத்தாழ பத்து அடி நீளம், நான்கு அடி அகலம்தான். தரையில் ஒட்டுநாடாவால் அந்த அளவைக் குறித்துவிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு 200 பவுண்டு மாவு எடுத்துச்செல்லச் சொன்னார்கள். அதாவது நாம் கடையில் வாங்கும் 20 பவுண்டு அரிசிப் பை பத்து. நான்கு பெரியவர்கள் என்றால் நாற்பது பை! உட்கார இடமில்லை என்று பிள்ளையே சொல்லும். அதனால்தான் மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து ஒரிகன் வரை ஏறத்தாழ 2,000 மைலைப் பெரும்பாலோர் எருதுகளுக்குப் பக்கத்தில் நடந்தே கடந்தார்கள்; நான்கிலிருந்து ஆறு மாதம் ஆனது. மரமில்லாத புல்வெளியில் பைசன் எருமைகளின் காய்ந்த சாணத்தைப் பொறுக்கி அடுப்பெரித்தார்கள். வரட்டி தட்டிய பாட்டி யாராவது தொலைபேசியில் கிடைத்தால் உடனே பேசவையுங்கள். வழியில் அதிகம் பேரைக் கொன்ற நோய்களுள் முதன்மையானது காலரா. படங்களில் காட்டுவதைப் போல அம்புகள் அல்ல.

பதில் 3 – சமூக அறிவியல் ஆசிரியை

பிரெய்ரி நாயிலிருந்து தொடங்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அந்தப் பைசன் எருமைகள் கோடிக்கணக்கில் இருந்தவை, 1880-களின் இறுதிக்குள் சில நூறாகச் சுருங்கியதையும் அதே பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டும். துயரத்தை எவ்வளவு சொல்வது என்று தாய் கேட்டிருந்தார். நான் அமெரிக்காவின் தென்கிழக்கில் வாழ்ந்த செரோகி என்ற பழங்குடி மக்களை முதலில் அவர்களுடைய எழுத்தின் வழியாக அறிமுகப்படுத்துவேன். வேறெந்த மொழியிலும் படிக்கத் தெரியாத செக்வோயா என்பவர், 1821 வாக்கில் தம் மொழிக்கு, ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்ற முறையில் எழுத்துகளை உருவாக்கினார். 1828-இல் அதே எழுத்தில் செய்தித்தாள் வந்துவிட்டது. நம் உயிர்மெய் வரிசை தெரிந்த பிள்ளைக்கு இது சட்டென்று விளங்கும். ஆனால் 'க', 'கி' போன்ற உருவ ஒற்றுமை அந்த எழுத்துகளில் கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளும். தன் பெயரை அந்த எழுத்தில் எழுதிய பிறகு, 1838-39-இல் ஏறத்தாழ 16,000 செரோகி மக்கள் அமெரிக்க அரசால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள், அவர்களில் சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம். படம் காட்ட வேண்டாம். மேலும் கேட்டால் பதில் சொல்லுங்கள்.

பதில் 4 – இலினாய்க் கரை

நீங்கள் இருக்கும் ஊரிலேயே இதற்கு வசதி இருக்கிறது. செயின்ட் லூயிஸின் 'கேட்வே ஆர்ச்' என்ற வளைவுக் கோபுரத்தின் அடியிலுள்ள அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் போகச் சொல்வார்கள். அதற்கு முன்பாக, ஆற்றுக்கு இந்தப்பக்கம் கஹோக்கியா மண்மேடுகளுக்கு வாருங்கள். கொலம்பசுக்குச் சில நூற்றாண்டுகள் முன்னரே அங்கே பெரிய நகரம் இருந்தது. கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய பெரிய மேடு ஏறத்தாழ நூறு அடி உயரம். அதன் உச்சியில் நின்றால் தொலைவில் வளைவு தெரியும். என் பிள்ளைகளை முதலில் வளைவுக்குக் கூட்டிச் சென்றுவிட்டுப் பிறகு இங்கே கொண்டுவந்தேன். வரிசையை மாற்றியிருக்கலாம் என்று இன்னும் தோன்றுகிறது.

கேட்டவர் – மிசௌரித் தாய்

எல்லோருக்கும் நன்றி. மாமரக் கதையைச் சொன்னேன். "அப்போ அந்த அஞ்சு டாலர் மரத்துக்காரங்களுக்குத்தானே போகணும்?" என்று கேட்டாள், அந்தக் கேள்வியையே செயல்திட்ட அட்டையின் தலைப்பாக எழுதப்போகிறாளாம். கூடத்தில் ஒட்டுநாடாவால் வண்டி போட்டோம். இருந்த மூன்று அரிசிப் பைகள், இரண்டு போர்வைகள், ஒரு குக்கர் எல்லாம் வைத்துவிட்டு, தன் கீபோர்டுக்கு இடமில்லை என்று கண்டதும் அவள் இறக்கிவைத்தது என் குக்கரை. நாடாவைப் பிய்க்கக் கூடாது என்று கட்டளையிட்டிருப்பதால் இரண்டு நாளாக வண்டியைச் சுற்றித்தான் நடக்கிறோம். சனிக்கிழமை கஹோக்கியாவுக்குப் போகிறோம். என் மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. அந்தப் பெரிய மேட்டில் ஏறாமல் கீழேயிருந்தே பார்த்துவர அங்கே உட்கார நிழல் இருக்குமா?