நைட் டூட்டியில் தனியாக மாட்டிய அந்த ஒரு ராத்திரி: செவிலியர்கள் உங்களுடையதை எழுதுங்கள்

எலும்புவார்டு
நானே ஆரம்பிக்கிறேன். அரசு மருத்துவமனை, ஆர்த்தோ, அதாவது எலும்பு முறிவுப் பெண்கள் வார்டு. 38 கட்டில், தரையில் பாய் விரித்து இன்னும் 7 பேர். நைட்டுக்கு இரண்டு ஸ்டாஃப் போட்டிருந்தார்கள். எட்டரைக்கே ஒருத்தியை கேஷுவால்டிக்குத் தூக்கிவிட்டார்கள். பத்து மணி ஊசி போட்டு முடிக்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

22ஆம் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி. காலில் டிராக்‌ஷன், எடை கட்டி இழுத்து வைத்திருக்கிறார்கள், புரளக்கூட முடியாது. துணைக்கு ஆள் இல்லை. "சிஸ்டர், கொஞ்சம் தண்ணி" என்றார். என் கையில் ஊசி டிரே. "வரேன் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் போனேன். அதற்குள் அன்று ஆபரேஷன் ஆன ஒரு அம்மாவுக்கு காயத்திலிருந்து வடியவிடும் டிரெய்ன் ட்யூப் முழுக்க ரத்தம். மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டருக்கு ஃபோன், ரத்த வங்கிக்கு அனுப்ப ஆள் தேடல், அப்புறம் பி.பி. இறங்கிவிட்டது. திரும்பி வரும்போது மணி நாலேகால். பாட்டி தூங்கியிருந்தார். காலி எவர்சில்வர் டம்ளரை நெஞ்சுமேல் நிமிர்த்தி வைத்து, இரண்டு கையாலும் பிடித்தபடியே.

எடுத்தால் முழித்துக்கொள்வாரே என்று அப்படியே நின்றேன். ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் பையனிடம் "வரேன்டா" என்று சொல்லும்போதெல்லாம் அந்த டம்ளர்தான் கண்ணில் நிற்கிறது.

பேட்ச்2015
எங்களுடையது 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம். மூன்று ஸ்டாஃப் சுழற்சி என்றால் கணக்கு எல்லாருக்கும் தெரியும், ராத்திரி எப்போதும் ஒரு ஆள்தான். ஒரு மழை நாளில் இரண்டு பிரசவம் ஒன்றாக வந்துவிட்டது. முதல் பெண்ணுக்குக் குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி இன்னும் வரவில்லை, அடுத்தவளுக்குத் தலை தெரிகிறது, கரண்ட் போய்விட்டது. முதல் பெண்ணின் மாமியார் கையில் டார்ச்சைக் கொடுத்து "இங்கே மட்டும் அடிங்கம்மா" என்றேன். அந்தம்மா ஒரு கையில் பேரன், ஒரு கையில் டார்ச். அந்த நேரம் பார்த்து வாசலில் 108 வந்து நிற்கிறது. "சிஸ்டர், பாம்புக்கடி கேஸ், ஒரு கையெழுத்து போடுங்க." கையுறை முழுக்க ரத்தத்தோடு அந்த ஆம்புலன்ஸ்காரரைப் பார்த்தேன். அவர் பேனாவை நீட்டியபடியே நின்றார்.

எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். அந்த மாதச் சம்பளம் 7,700 ரூபாய். 2015இல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு அதுதான். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்து, 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்துக்குத் தரையில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தி.

மதுரைக்காரன்
நான் நர்ஸ் இல்லை, மன்னிக்கவும். எங்கள் அப்பாவை வைத்துக்கொண்டு பதினோரு நாள் வார்டில் கிடந்தவன். டிரிப்ஸ் காலியாகி ட்யூபில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, கூப்பிடப் போனால் சிஸ்டர் செல்லை நோண்டிக்கொண்டு இருக்கிறார். ஆள் பற்றாக்குறை என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக எல்லாவற்றுக்கும் அதையே சொல்லக்கூடாது. "என்ன?" என்று அவர் நிமிராமலே கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேட்ச்2015
@மதுரைக்காரன் செல்லில் என்ன பார்த்தார் என்று எட்டிப் பார்த்தீர்களா? இப்போது பாதி என்ட்ரி செல்லில்தான், அதுவும் சொந்த டேட்டாவில். நோட்டிலும் எழுத வேண்டும், ஆன்லைனிலும் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் மறுநாள் மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேட்பார்கள். டிரிப்ஸ் காலியானதற்கு யாரும் மீட்டிங் போடுவதில்லை.

எலும்புவார்டு
அவர் நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அது உண்மைதான்.

சர்டிபிகேட்_எங்கே
நான் தனியார். 12 மணி நேர டூட்டி, ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் மேனேஜ்மென்ட் பீரோவில். அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு முருகேசன். ஒருவருக்கு இன்சுலின் 8 யூனிட், இன்னொருவருக்குச் சர்க்கரையே கிடையாது. தொடர்ந்து மூன்றாவது நைட். ஸ்பிரிட் பஞ்சு வைத்துத் துடைத்துவிட்டேன், ஊசி தோலைத் தொடப் போகிறது. "நேத்து ராத்திரி எனக்கு ஊசி இல்லியேம்மா" என்றார். கேஸ் ஷீட்டைப் பார்த்தால் பக்கத்துக் கட்டில். சிரித்துச் சமாளித்துவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன், கை நடுக்கம் நிற்கவே இல்லை. அவர் தூங்கியிருந்தால்? யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவை சொல்கிறேன்.

சட்டம்பேசுபவர்
2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் சம்பளம் 20,000க்குக் குறையக் கூடாது, 200க்கு மேல் போனால் அரசுச் செவிலியருக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி வார்டில் 3 பேருக்கு 1 செவிலியர். எல்லாம் காகிதத்தில் இருக்கிறது.

எலும்புவார்டு
45 பேரைப் பார்த்தவளிடம் 3க்கு 1 என்கிறீர்கள். நல்லது சார்.

பிராங்பர்ட்_அக்கா
என் கதை சின்னது: வேலூரில் ஒரு நைட்டில் மயங்கி விழுந்தேன், நோயாளியின் அட்டெண்டர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், மறுமாதம் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். தங்கச்சிகளே, புலம்பி ஆவதொன்றுமில்லை, ஜெர்மன் மொழியில் பி2 நிலை முடியுங்கள். கொஞ்சமாகப் பேசினால் போதும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள், லைசென்ஸுக்கு பி2 வேண்டும். ஒன்றரை வருஷம் ஒதுக்குங்கள். ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். கேரளத்தில் நோர்கா என்ற அரசு அமைப்பு வழியாக, ஜெர்மனிக்குச் செவிலியர்களை அனுப்ப ட்ரிப்பிள் வின் என்று ஒரு திட்டம் நடக்கிறது, அதில் செவிலியரிடம் காசு வாங்குவதில்லை. நம் படிப்பை அப்படியே ஏற்கமாட்டார்கள், என்ன குறைகிறது என்று ஒரு கடிதம் வரும். பயப்படாதீர்கள், எல்லாருக்கும் வரும். அதற்குப் பயிற்சி அல்லது ஒரு தேர்வு. வந்தபிறகு இன்னொன்று: குளிப்பாட்டுவது, பேம்பர்ஸ் மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் நாம்தான். ஆயாம்மா கிடையாது. இதைத் தெரியாமல் வந்து அழுதவர்கள் உண்டு. இங்கே விபத்து அறுவை வார்டில் பகலில் 10 பேருக்கு 1, ராத்திரி 20க்கு 1 என்று சட்டத்திலேயே வரம்பு போட்டிருக்கிறார்கள். அதையும் குறைச்சல் என்று இங்கே உள்ளவர்கள் சண்டை போடுகிறார்கள், நான் வாயைத் திறப்பதில்லை. குளிருக்கு நல்ல ஷூ, ஊரிலிருந்து புளி, மஞ்சள்தூள்.

சர்டிபிகேட்_எங்கே
அக்கா, அதெல்லாம் சரி. அப்ளை பண்ண ஒரிஜினல் வேண்டுமே. பீரோ சாவி அவர்களிடம் இருக்கிறது.

மதுரைக்காரன்
@எலும்புவார்டு அந்தப் பாட்டி விடிந்ததும் தண்ணீர் குடித்தாரா?

எலும்புவார்டு
ஆறரைக்கு டீயே வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி கேட்டது அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியவில்லை. "சர்க்கரை கம்மியா இருக்கு" என்றார்.