ஐடிஐ முடித்து வரும் பசங்க பட்டறையில் ஏன் நிற்பதில்லை?

கணபதி ஜாப்ஒர்க்
கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கணினி புரோகிராமில் ஓடும் சிஎன்சி லேத் நான்கு, மில்லிங் செய்யும் விஎம்சி மெஷின் ஒன்று, மொத்தம் 14 பேர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் (சுழலும் தண்டு) கடைந்து கொடுக்கிறோம். போன வருஷத்திலிருந்து ஐடிஐ முடித்த 9 பேரை எடுத்தேன், இன்று இருப்பது 2 பேர். ஒரு பையன் பதினோராவது நாள் மதியம் சாப்பிடப் போனவன் திரும்பவே இல்லை, இப்போது டெலிவரி ஓட்டுகிறான். நான் 1994இல் வேலைக்குச் சேர்ந்தபோது ஆறு மாதம் கடைசலில் விழும் இரும்புச் சுருள் அள்ளி, தரை கூட்டி, அதற்கப்புறம்தான் லேத்தில் கை வைக்க விட்டார்கள். அந்தப் பொறுமை இவர்களிடம் இல்லை. அடுத்த பத்து வருஷம் யாரை வைத்து ஓட்டுவது என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. நான் மாற வேண்டுமா, பசங்க மாற வேண்டுமா? வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

செட்டர் 24
அண்ணா, நான் ஐடிஐயில் டர்னர் (கடைசல்) பிரிவு முடித்து மூன்று பட்டறை மாறி, நான்காவதில் மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டராக இருக்கிறேன். போனவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முதல் பட்டறையில் எட்டு மாதம் என் வேலை என்னவென்றால் பீஸை மாட்டு, கதவைச் சாத்து, பட்டனை அழுத்து, கழற்று, பிசிறு எடு. இதுதான் 12 மணி நேரமும். ஆஃப்செட், அதாவது டூல் எங்கே வெட்ட வேண்டும் என்று மெஷினுக்குக் கொடுக்கும் அளவை, மாற்றும் நேரம் வந்தால் ஃபோர்மேன் ஸ்கிரீனை முதுகால் மறைத்துக்கொண்டு நிற்பார். சம்பளம் 7ஆம் தேதியா 17ஆம் தேதியா என்று தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது, நாளைக்கும் வந்துவிடு என்பார்கள். டெலிவரியில் வெயில், மழை, பெட்ரோல் செலவு எல்லாம் உண்டு, அதில் பெரிய எதிர்காலம் இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு எவ்வளவு வந்தது என்று அவன் போனிலேயே தெரிந்துவிடுகிறது. நீங்கள் ஆறு மாதம் தரை கூட்டினீர்கள், அது முடிந்தால் லேத் கிடைக்கும் என்று தெரிந்தே கூட்டினீர்கள். எங்களுக்கு அப்படி ஒரு தேதியை யாரும் சொல்வதில்லை.

சிங்காநல்லூர் ஃபோர்மேன்
தம்பி, 31 வருஷம் சர்வீஸ் எனக்கு. நானும் ஸ்கிரீனை மறைத்திருக்கிறேன், ஏன் என்று கேள். ஒரு பையனுக்கு ஆஃப்செட் சொல்லிக் கொடுத்தேன். 0.1 என்று அடிக்க வேண்டியதை 10 என்று அடித்துவிட்டான், டூல்களைத் தாங்கும் டரட் நேராகப் போய், பீஸைப் பிடிக்கும் சக்கில் இடித்து மெஷின் நான்கு நாள் நின்றது. ஆபீசுக்குள் கூப்பிட்டுப் பேசியது அவனை இல்லை, என்னைத்தான். அந்த மாத இன்சென்டிவும் போனது. இன்னொருவனுக்கு ஒரு வருஷம் உட்கார்ந்து புரோகிராம் வரைக்கும் கற்றுக்கொடுத்தேன், ஓசூரில் 3,000 ரூபாய் அதிகம் என்று சொல்லாமலேயே போய்விட்டான். எட்டு மணி ஷிஃப்டுக்கு என் டார்கெட் 160 பீஸ். கற்றுக்கொடுக்க அதில் ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கிறார்களா? என் கையில் இருக்கும் ஒரே சொத்தை இலவசமாகக் கொடு என்றால் எப்படிக் கொடுப்பேன்?

குறிச்சி ஃபவுண்டரி
இவ்வளவு பேச்சே தேவையில்லை. பீகார், ஒடிசா பசங்க வருகிறார்கள், ரூம் கொடுத்தால் நிற்கிறார்கள், கேள்வி கேட்பதில்லை. நம்ம ஊர்ப் பையனுக்கு ஏசி வேண்டும், போன் வேண்டும், ஞாயிறு லீவு வேண்டும். தொழில் அப்படி நடக்காது.

செட்டர் 24
அவர்களும் 20, 22 வயதுப் பசங்கதானே சார். ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை என்று எங்கள் பக்கத்துப் பட்டறையிலேயே புலம்பினார்கள். நேர விஷயமும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் அரசே திரும்பப் பெற்றது. ஆனால் நான் பார்த்த சின்னப் பட்டறைகளில் 12 மணி நேரம்தான் வழக்கம்.

ஐடிஐ பயிற்றுநர்
71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து அரசு புது மையங்கள் அமைத்தது. ரோபோ, முப்பரிமாண அச்சு என்று பார்த்துவிட்டு வரும் பையன் கையில் முதல் நாள் துடைப்பத்தைக் கொடுத்தால் அவன் மனம் விட்டுப்போவதில் ஆச்சரியம் இல்லை. கணபதி சாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம், 4 முதல் 29 பேர் இருந்தால் விருப்பம். நீங்கள் விரும்பினால் எடுக்கலாம். 2019 திருத்தத்தில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 என்று வைத்தார்கள். என்ஏபிஎஸ் என்ற தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் அதில் கால் பங்கு, 1,500 ரூபாய் வரை மத்திய அரசு ஏற்கும். ஆனால் சட்டத்தில் அப்ரண்டிஸ் என்பவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பட்டன் அழுத்த மட்டும் ஆள் எடுத்து, வருஷம் முடிந்ததும் அனுப்பிவிடும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். என் மாணவர்கள் அங்கிருந்து திரும்பி வந்து நிற்கும்போது எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. அப்படிச் செய்வதற்கு எடுக்காமலே இருந்துவிடலாம்.

கணபதி ஜாப்ஒர்க்
செட்டர் தம்பி சொன்ன தேதி விஷயம் எனக்கு உறைத்தது, மறுக்கவில்லை. ஆனால் சம்பளத் தேதியைச் சொல்ல என் கையில் பணம் வர வேண்டுமே. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எனக்கு வருவது 90 நாள், சில நேரம் 120. புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். ஷாஃப்டுக்கு இரண்டு ரூபாய் ஏற்றிக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. பசங்களைத் தயார்செய் என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள், அந்தச் செலவு யார் தலையில்?

டிப்ளமோ மெக்கானிக்கல்
ஆரம்பத்திலிருந்து எல்லோரும் பசங்க, பசங்க என்றே பேசுகிறீர்கள். எங்கள் பேட்சில் 11 பெண்கள். நான் ஏறிய ஐந்து பட்டறையில் நான்கில், லேடீஸ் டாய்லெட் இல்லை என்று சொல்லியே அனுப்பினார்கள். ஒரு கழிப்பறை, உள்தாழ்ப்பாள் உள்ள ஒரு சின்ன அறை, இவ்வளவுதான் கேட்டது. 10 பேர் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது, அது என்னவென்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஐந்தாவது இடத்தில் தரப் பிரிவில் இருக்கிறேன், இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆள் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு முன்னால் வாசல் வரை வந்தவர்களை என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள் சார்.

செட்டர் 24
ஃபோர்மேன் அண்ணா, இன்சென்டிவை உங்களிடம் பிடித்தது தப்பு. அந்தப் பையன் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். இப்போது என்னிடம் இருக்கும் இருவருக்கும் முதலில் டூல் பீஸைத் தொடாதபடி ஒர்க் ஆஃப்செட்டை 100 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, காற்றில்தான் ஓட்டிக் காட்டுகிறேன். சிங்கிள் பிளாக்கில் புரோகிராமை ஒவ்வொரு வரியாக, டூல் வேகமாக நகரும் ரேபிடைக் குறைத்து. தப்பு செய்தால் டூல் காற்றில்தான் நிற்கும்.

சிங்காநல்லூர் ஃபோர்மேன்
அது சரியான முறைதான், நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் அதற்கு மெஷின் சும்மா நிற்க வேண்டும். அரை மணி நேரம் என்றால் 10 பீஸ். அந்த 10 பீஸைக் குறைத்து 150 என்று டார்கெட் பலகையில் எழுதிப் போடட்டும், மெஷின் இடித்தால் என் காசில் பிடிக்க மாட்டோம் என்று வாயால் சொல்லட்டும். கற்றவன் ஓசூர் போவானே, அதற்கு என்ன பதில் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

குறிச்சி ஃபவுண்டரி
நான் முதலிலிருந்து சொல்வதும் அதுதான். கற்றுக்கொடு, அப்புறம் பக்கத்துக்காரனுக்கு அனுப்பிவை.

கணபதி ஜாப்ஒர்க்
இன்று மதியம் என் ஃபோர்மேனைக் கூப்பிட்டுப் பேசினேன். இருக்கும் இரண்டு பசங்களுக்கும் திங்களிலிருந்து சாயங்காலம் நாலரை முதல் ஐந்து வரை பழைய மெஷினில், டார்கெட் இல்லாமல். மூன்றாவது மாதம் ஆஃப்செட், ஆறாவது மாதம் செட்டிங், அதற்கு எவ்வளவு சம்பளம் என்று ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கொடுத்தேன். ஒருவன் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. பெண்களுக்கான கழிப்பறைக்கு இடம் இருக்கிறது, கொத்தனாரைக் கேட்க வேண்டும். சம்பளத் தேதிக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. அதில் யாராவது சமாளித்திருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.