கட்டுரைக்கு மார்க் போடும் அளவுகோல் சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

யாங்கூனில் நம் பிள்ளைகளுக்கு மாலையில் இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் பர்மியம். கட்டுரை திருத்த, 1981-இல் வந்த இ.எஸ்.எல். காம்போசிஷன் ப்ரொஃபைலைத்தான் (ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களின் கட்டுரைக்கு மார்க் போடும் அளவுகோல்) வைத்திருக்கிறேன்: உள்ளடக்கம் 30, அமைப்பு 20, சொல்வளம் 20, மொழிப் பயன்பாடு 25, எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி வகையறா 5.

பிரச்சினை இதுதான். மனப்பாடம் செய்த முன்னுரையையும் முடிவுரையையும் ஒட்டி எழுதுகிறவன் மேலே போய்விடுகிறான். திங்யானுக்கு (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) தெருமுனையில் பந்தல் போட்டதைச் சொந்தமாக, ரசித்து எழுதிய பெண், 'தி', 'ஏ' விட்டதற்கும் (தமிழிலும் பர்மியத்திலும் ஆர்ட்டிக்கிள் ஏது!) வினைச்சொல்லில் காலம் பிசகியதற்கும் கீழே கிடக்கிறாள். மொழியில் குறைந்தால் உள்ளடக்க மார்க்கும் கூடவே சரிகிறது, அதுதான் உறுத்துகிறது.

பெயரை மறைத்து இன்னொரு டீச்சரிடமும் திருத்தக் கொடுத்தேன், மார்க் கிட்டத்தட்ட ஒத்துப்போனது. ஆனால் இரண்டு பேரும் ஒரே மாதிரி தப்பாக அளந்தாலும் ஒத்துத்தானே போகும்? ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு மாதிரி நான்கே பிரிவாக வைத்து, நான்குக்கும் சம எடை கொடுத்துப் பார்த்தேன், வரிசை பெரிதாக மாறவில்லை. தலைப்பை முன்கூட்டிச் சொல்லாமல் வகுப்பிலேயே எழுத வைத்தாலும் அதே ஆட்கள்தான் மேலே.

சின்ன வகுப்பு, புள்ளியியல் சாஃப்ட்வேர் எதுவும் கிடையாது. இந்த அளவுகோல் எழுத்துத் திறனைத்தான் அளக்கிறதா, இல்லை வெறும் இலக்கணத்தையும் மனப்பாடத்தையுமா என்று சோதித்துப் பார்க்க, நீங்கள் வகுப்பில் கையாண்ட வழி என்ன?