மலேரியா நோபல்: உசேன் கானா, குருவியா?

கரிசல்காரன்:
உலகக் கொசு தினம் என்று பழையபேப்பர் சார் ஒரு பதிவு போட்டிருக்கிறார். "மலேரியா கொசுவால் பரவுவதை மனிதர்களிடம் நிரூபித்தவர் ரொனால்ட் ராஸ், அதற்குத்தான் 1902இல் நோபல்" என்கிறார். சார், கொசு கடித்து நோய் தொற்றுவது வரை ராஸ் முழுசாகக் காட்டியது 1898இல், கல்கத்தாவில், குருவியில். கு-ரு-வி-யில். மனிதனில் காட்டியது அதே வருஷக் கடைசியில் ரோமில் கிராஸியும் அவர் கூட்டாளிகளும். அவர்களுக்கு நோபலும் இல்லை, உங்கள் பதிவில் ஒரு வரியும் இல்லை.

பழையபேப்பர்:
வாங்க, இன்னும் காணோமே என்று நினைத்தேன். 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத். உசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைப் பார்த்தார் ராஸ். கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி வேறு கொடுத்தார். உசேன் கான் என்ன குருவியா?

கரிசல்காரன்:
வயிற்றில் பார்த்தார், யார் இல்லை என்றது? அங்கிருந்து எச்சில் சுரப்பிக்குப் போய் இன்னொரு உடம்பில் ஏறியதை எதில் பார்த்தார்? குருவி. ஒரு வார்த்தைதான், சொல்லிவிட்டுப் போங்களேன்.

லேப்காரர்75:
ரெண்டு பேரும் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்திருக்கிறீர்களா? எனக்குக் கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி ஸ்மியர் பார்த்தே 22 வருஷம் ஓடிவிட்டது. அந்த மனுஷன் செகந்திராபாத் புழுக்கத்தில், அறுத்துவைத்த கொசு காற்றில் பறந்துவிடும் என்று கயிறு கட்டி இழுக்கும் கூரை விசிறியான பங்காவைக்கூட இழுக்க விடாமல் உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்வை சொட்டிச் சொட்டி மைக்ரோஸ்கோப் திருகெல்லாம் துரு, கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் விரிசல். ஒரு கொசுவின் வயிற்றைக் கிழியாமல் எடுத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

கரிசல்காரன்:
வியர்வைக்கு நோபல் என்றால் எங்கள் ஊர் செங்கல் சூளைக்கு வருஷம் பத்து வரவேண்டும். ராஸுக்குத் தான் அறுத்த கொசு என்ன இனம் என்றே தெரியாது, சிறகில் புள்ளி உள்ள கொசு என்றுதான் எழுதினார். மனித மலேரியாவைப் பரப்புவது அனோஃபிலிஸ் என்று இனம் பிரித்துச் சொன்னவர் கிராஸி, அவர் விலங்கியல்காரர். நான் கேட்டது குருவி பற்றி, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழையபேப்பர்:
ராஸ் 1897 டிசம்பரிலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டுவிட்டார். கிராஸி அதைப் படிக்காமலா இறங்கினார்? காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் காக்கே ராஸ் பக்கம்தான் நின்றார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ? போன மாதம் இன்சுலின் பேச்சில் 1923 நோபலை பாண்டிங்கின் உதவியாளர் பெஸ்ட்டும் வாங்கினார் என்று எழுதி, அது பாண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் என்று நான் சொன்னதும் சத்தமில்லாமல் அழித்தவர்தானே நீங்கள்?

கரிசல்காரன்:
பாண்டிங்கே தன் பரிசுப் பணத்தில் பாதியை பெஸ்ட்டுக்குக் கொடுத்தார், அந்த அர்த்தத்தில் எழுதினேன். பேச்சை மாற்ற வேண்டாம். குருவி.

நீலகிரிப்பெண்:
இதை யாரும் சொல்லவே இல்லையே! 1897இல் ராஸ் ஊட்டிக்கு வந்து, சீகூர்ப் பக்கம் போய், அவரே மலேரியாவில் படுத்தார். எங்கள் ஊர்க் கொசுவுக்கும் பங்கு உண்டு :)

பழையபேப்பர்:
அருமை தங்கச்சி. அவர் பிறந்ததும் அல்மோராவில்தான். இந்தியாவில் பிறந்து நோபல் வாங்கிய முதல் ஆள்.

வடக்குவாசல்:
அல்மோராவில் பிறந்தால் நம்மவரா? அப்பா வெள்ளைக்காரப் படையில் பெரிய அதிகாரி. கல்கத்தாவில் கூடவே கொசு பிடித்துக் கொடுத்த முகமது பக்ஸ் பெயரை இதுவரை ஒருத்தர் எழுதினீர்களா?

பழையபேப்பர்:
நம்மவர் என்று நான் எங்கே எழுதினேன்? படிக்கத் தெரியாதவர்களுக்கு எல்லாம் பதில் சொல்ல முடியாது.

வடக்குவாசல்:
யாருக்கு ஐயா படிக்கத் தெரியாது?

லேப்காரர்75:
ஆரம்பிச்சாச்சு.

கரிசல்காரன்:
எல்லோரும் ஒரு நிமிஷம் மூலப் பதிவைப் போய்ப் பாருங்கள். "மனிதர்களிடம் நிரூபித்தவர்" என்று இருந்தது இப்போது "நிரூபித்தவர்" என்று மட்டும் இருக்கிறது. காலையிலேயே படம் எடுத்து வைத்துவிட்டேன் சார்.

பழையபேப்பர்:
அது எழுத்துப்பிழை, திருத்தினேன்.

கரிசல்காரன்:
ஒரு முழு வார்த்தை எழுத்துப்பிழையா? குருவி கொத்திக்கொண்டு போயிருக்கும்.