குரூப்பில் இரண்டு பேர்தான் இங்கிலீஷ் பேசுகிறார்கள், மற்றவர்களைப் பேச வைப்பது எப்படி?

கேள்வி: 40 பேர் வகுப்பு. ஆறாறு பேராக உட்கார வைத்தால் இரண்டு பேர் பேசுகிறார்கள், மற்றவர்கள் தாய்மொழிக்குத் தாவிவிடுகிறார்கள். எதை மாற்றலாம்?

பதில் 1: ஆறு பேர் அதிகங்க. நான்காகக் குறைங்க. ஆளுக்கு 3 டோக்கன்; ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்கணும். தீர்ந்தவர், எல்லோருக்கும் தீரும்வரை கேட்க மட்டும்தான். "ஐ அக்ரீ" என்று சொல்லியே டோக்கனைக் கழிப்பார்கள். காரணமும் சொன்னால்தான் செல்லும் என்று முதலிலேயே சொல்லிடுங்க.

பதில் 2: டோக்கன் முறை நல்லதுதான், ஆனால் பேச ஒரு தேவையும் வேண்டும். அதற்கு அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் தொடங்கிய ஜிக்சா முறை பொருந்தும். ஒரு பத்தியை நான்காக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுங்க. வெவ்வேறு குரூப்பில் ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் முதலில் கூடிப் பேசி, பிறகு தங்கள் குரூப்புக்குத் திரும்பி விளக்கணும். விளக்கும்போது தாள் கவிழ்ந்தே இருக்கட்டும். இல்லையென்றால் அப்படியே வாசித்துவிடுவார்கள், பேச்சுப் பயிற்சி போச்சு.

பதில் 3: தாய்மொழிக்குத் தாவுவதைச் சோம்பல் என்று நினைக்காதீங்க, பெரும்பாலும் வாக்கியம் கைவசம் இல்லாததுதான் காரணம். "ஐ திங்க்... பிகாஸ்...", "குட் யூ ரிப்பீட் தட்?" போல நாலைந்தைப் பலகையில் எழுதி, 2 நிமிடம் யோசிக்க விடுங்க. பேசும்போது நடுவில் திருத்தவே வேண்டாம். பிழைகளைக் குறித்துவைத்து, கடைசியில் பெயர் சொல்லாமல் மூன்றை மட்டும் எடுத்துப் பேசுங்க.