ஃபைன் டைனிங் உணவகம்: அந்தப் பணம் எதற்குப் போகிறது?

தூறல்:
அப்பா அம்மாவின் முப்பதாவது திருமண நாளுக்கு அவர்களைப் பெரிய ஃபைன் டைனிங் உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பல மாதம் சேர்த்து வைத்த பணம். டேஸ்டிங் மெனு, அதாவது உணவகமே தேர்ந்தெடுத்து வரிசையாகக் கொண்டுவரும் சின்னச் சின்னப் பதார்த்தங்கள். பதினொரு தட்டு, மூன்றரை மணி நேரம். ருசியில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்பா அவ்வளவு நேரமும் விறைப்பாகவே உட்கார்ந்திருந்தார். எந்த முள்கரண்டியை எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் என் கையைப் பார்த்தார். ஆறாவதாக வந்தது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, இரண்டே வாயில் முடிந்துபோனது. அம்மா தன் தட்டிலிருந்து பாதியை எடுத்து அவருக்கு வைக்கப் போனார். பரிமாறுபவர் அந்தப் பக்கம் வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். வீடு திரும்பும்போது "நல்லா இருந்துச்சும்மா" என்றார் அப்பா. எனக்கோ அம்மா இழுத்துக்கொண்ட அந்தக் கைதான் கண்ணுக்குள் நிற்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் நாம் கொடுக்கும் பணம் உண்மையில் எதற்குப் போகிறது?

நேர்கோடு:
பெரும்பகுதி மிரட்சிக்குத்தான் போகிறது. கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் சிலர் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. 90 என்று கேட்டுக் குடித்தபோது சராசரியாகக் கூடுதலாகப் பிடித்தது. மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. ஒயின் அதேதான்! விலையே ருசியாகிவிடுகிறது என்று தெரிந்துகொண்டு நடத்தும் தொழில் இது. உங்கள் அப்பாவுக்கு அது பிடிபட்டிருக்கிறது, வாய்விட்டுச் சொல்லவில்லை.

கரண்டிக்காரன்:
இப்படிப்பட்ட சமையலறைகளில் ஒன்பது வருடம் நின்றவன் நான். மிரட்சியை விற்கிறார்கள் என்பதை என்னால் ஏற்க முடியாது. அந்த ஆறாவது தட்டில் இரண்டு கரண்டி சாஸ் இருந்திருக்கும் என்று வையுங்கள். எலும்பை வறுத்து, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, வடிகட்டி, மறுபடி சுண்டவைத்து, அதற்கே இரண்டு நாள் ஆகும். ஒரு பானை நிறைய ஊற்றிய தண்ணீர் கடைசியில் ஒரு கிண்ணமாகும். நான் இருந்த இடத்தில் ஒரு இரவுக்கு நாற்பது விருந்தினர். அவர்களுக்காக உள்ளேயும் வெளியேயுமாக முப்பது பேர் வேலை செய்தோம். சாதாரண உணவகத்தில் ஒரு நாற்காலியில் ஒரே இரவில் மூன்று நான்கு பேர் மாறி மாறி உட்காருவார்கள். இங்கே ஒருவர்தான். பதிவு செய்துவிட்டு வராதவர்களின் சாப்பாடு குப்பைக்குப் போகும்.

ஸ்பெயினில் இருந்த எல் புல்லி உலகத்திலேயே இடம் கிடைக்காத உணவகம் என்று பெயர் வாங்கியது. ஒரு பருவத்துக்குச் சுமார் 8,000 பேருக்குத்தான் இடம் இருந்தது. அப்படிப்பட்ட இடமே சாப்பாட்டில் நஷ்டம்தான் கண்டது. புத்தகமும் சொற்பொழிவும்தான் அதைத் தாங்கின. 2011-இல் மூடிவிட்டார்கள்.

நேர்கோடு:
அந்த முப்பது பேரில் எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்? கோபன்ஹேகனில் உள்ள நோமா, உலகின் சிறந்த உணவகம் என்று பலமுறை தேர்வானது. அங்கே பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்கு 2022 அக்டோபரில்தான் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில மாதம் கழித்து, 2023 ஜனவரியில், வழக்கமான உணவகமாக இனி நடத்தப்போவதில்லை என்று அறிவித்தார்கள். இந்த முறையில் நடத்துவது தாக்குப்பிடிக்காது என்று அதன் செஃப்பே சொன்னார். விருந்தினர் அவ்வளவு பணம் கொடுத்தும், சமைப்பவருக்குக் கூலி கொடுக்க அது போதவில்லை என்றால் என்ன நியாயம் இது?

கரண்டிக்காரன்:
அது உண்மை. முதல் ஏழு மாதம் நானும் சம்பளமில்லாமல்தான் நின்றேன். விடியற்காலையில் போய் நள்ளிரவில் திரும்புவேன். அந்த முறை ஒழியவேண்டும், இதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் எல்லோருக்கும் ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால் பில் இன்னும் ஏறும். அப்போது "விலை அதிகம்" என்ற உங்கள் முதல் புகாரை என்ன செய்வது?

நேர்கோடு:
ஏறட்டும். தாங்கவில்லை என்றால் பதினொரு தட்டை ஐந்தாகக் குறைக்கட்டும். சம்பளமில்லாத உழைப்பில் செய்த அலங்காரம் எனக்கு வேண்டாம்.

ஓரமேசை:
வருடத்துக்கு ஒருமுறை தனியாகப் போய்ச் சாப்பிடுகிறவன் நான். கச்சேரிக்குப் போவது போலத்தான். இரண்டு மணி நேரம் காதுக்குப் பணம் கொடுக்கலாம், நாக்குக்குக் கொடுக்கக் கூடாதா? எனக்கு இடது கைப் பழக்கம். ஒருமுறை முதல் தட்டை எடுத்துப் போனவர் அதைக் கவனித்திருக்கிறார். இரண்டாவது தட்டு வரும்போது கத்தியும் முள்கரண்டியும் இடம் மாறி இருந்தன. நான் கேட்கவே இல்லை. என் வாழ்நாளில் எந்த மேசையிலும் எனக்காக யாரும் அதைச் செய்ததில்லை. அன்றைக்குக் கொடுத்த பணம் எனக்குப் பெரிதாகவே தெரியவில்லை.

முல்லைவேலி:
இங்கே எல்லோரும் விலையைப் பற்றியே பேசுகிறீர்கள். தூறல் எழுதியது அம்மாவின் கையைப் பற்றி.

தட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதும், ஆளுக்கு ஒரு தட்டாக வருவதும் ஏதோ ஆதிகாலத்துச் சட்டம் இல்லை. பிரெஞ்சு விருந்துகளில் முன்பு பல பதார்த்தங்களை ஒரே நேரத்தில் மேசையில் பரப்பி, அவரவர் எடுத்து, பக்கத்தில் இருப்பவருக்கும் எடுத்துக் கொடுத்துச் சாப்பிட்டார்கள். வரிசையாகப் பரிமாறுவதற்கு ரஷ்ய முறை என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில்தான் அது பாரிஸில் பரவியது. உணவு சூடாக வரும் என்பது அதில் பெரிய வசதி. ஆக, உங்கள் அம்மா செய்யப் போனது ஒழுங்கீனம் இல்லை. அதே மேசையின் இன்னும் பழைய பழக்கம் அது.

அப்புறம், இந்த இடங்களின் மரபு என்று சொல்வதையெல்லாம் தலைவணங்கி ஏற்க வேண்டியதும் இல்லை. ஆணின் கையில் விலை போட்ட மெனு, பெண்ணின் கையில் விலை இல்லாத மெனு என்பதும் ஒரு காலத்தில் மரபாகத்தான் இருந்தது. 1980-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொழில் கூட்டாளியை விருந்துக்கு அழைத்துப் போன ஒரு பெண்ணுக்கு விலை இல்லாத மெனுவைக் கொடுத்தார்கள். பணம் கட்ட வேண்டியவரே அவர்தான்! வழக்குப் போட்டார், அந்த உணவகம் அந்த வழக்கத்தைக் கைவிட்டது.

நேர்கோடு:
ஓரமேசை, உங்கள் இடது கையைக் கவனிக்கத் தெரிந்த தொழில் இது. அந்த அம்மாவின் கையைக் கவனிக்கவில்லையே, ஏன்? பழகிய விருந்தினருக்கு ஒரு கண், பயந்தவருக்கு ஒரு கண் என்றுதான் எனக்குப் படுகிறது.

கரண்டிக்காரன்:
இந்தக் கேள்விக்கு என்னிடம் சமாதானம் இல்லை. நல்ல பரிமாறுபவர் என்றால் அந்த நொடியில் ஒரு காலித் தட்டும் கரண்டியும் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் நடுவில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் வேலை செய்த இடங்களில் வெளியே நிற்பவர்களுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள். விருந்தினரின் முகத்தைப் படிக்கத் தெரியாதவர் எத்தனை ஒயின் பெயரை மனப்பாடம் செய்து என்ன பயன்? தூறல், தவறு அந்த இடத்தின் மேல்தான், உங்கள் மேல் இல்லை.

இன்னொன்று. மிஷெலின் என்ற உணவக வழிகாட்டி தரும் நட்சத்திரம் தட்டில் இருக்கும் உணவுக்கு மட்டும்தான் கொடுக்கப்படுகிறது. மேசை விரிப்புக்கோ உபசரிப்புக்கோ இல்லை. நட்சத்திரத்தைப் பார்த்து இடம் தேடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வயதானவர்களை அழைத்துப் போகும்போது முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசுங்கள். இது அவர்களுக்கு முதல் முறை, விளக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், பகிர்ந்து சாப்பிடுவோம் என்று சொல்லலாம். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளும் இடமாக இருந்தால் போங்கள். மதிய வேளையில் பல இடங்களில் தட்டும் குறைவு, விலையும் குறைவு.

நேர்கோடு:
கேட்கத் தெரிந்தவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. கேட்கவே கூசுகிறவர்கள்தான் அங்கே தலைகுனிந்து சாப்பிட்டு வருகிறார்கள். அவர்களுக்காக உணவகம்தான் முதலில் பேச வேண்டும். பதிவு செய்யும்போது என்ன ஒத்துக்கொள்ளாது என்று கேட்கிறார்களே, அதோடு இதையும் கேட்டால் என்ன?

கரண்டிக்காரன்:
கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

தூறல்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை அம்மாவிடம் பேசினேன். அந்தப் பரிமாறுபவர் ஒன்றும் சொல்லவில்லையாம், முறைக்கவும் இல்லையாம். "நானாத்தான் பயந்துட்டேன்" என்றார். நேர்கோடு சொன்னதை நினைத்துக்கொண்டேன். யாரும் எதுவும் சொல்லாமலேயே அந்தப் பயம் வந்திருக்கிறது. இதையெல்லாம் அந்த உணவகத்துக்கு இன்று எழுதப்போகிறேன். பக்கத்தில் இருந்த அப்பா கேட்ட ஒரே கேள்வி: "அந்த ஆறாவது தட்டை மட்டும் தனியாத் தருவாங்களா?"

கரண்டிக்காரன்:
எழுதும்போது இதையும் கேளுங்கள். பருவம் மாறினால் மெனுவும் மாறிவிடும், இந்த மாதமே கூப்பிட்டுவிடுங்கள்.