மறுமொழி: ஆப்டோஜெனெட்டிக்ஸ் – ‘ஒளிமரபியல்’ சரிதானா?

வணக்கம். செல்களை ஒளியால் இயக்கும் ‘ஆப்டோஜெனெட்டிக்ஸ்’ என்ற முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே வந்த இரண்டு யோசனைகளுக்கு என் மறுமொழி இது.

> ஆப்டோ என்றால் ஒளி, ஜெனெட்டிக்ஸ் என்றால் மரபியல். ‘ஒளிமரபியல்’ என்று வைத்தால் வேலை முடிந்தது.

முடியவில்லை ஐயா. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் இந்தச் சொல்லைச் சொல்லி என்ன புரிகிறது என்று கேட்டேன். “கண்ணோட நிறம் பரம்பரையா வருமே, அதுவா?” என்றாள். அவள் மேல் தப்பில்லை. சொல் அங்கேதான் இழுத்துப் போகிறது.

இந்தத் துறை பரம்பரைப் பண்புகளை ஆராய்வதில்லை. மரபணு இங்கே வெறும் கருவி. கிளாமிடோமோனஸ் என்ற ஒற்றைச்செல் பச்சைப்பாசியிடம் வெளிச்சத்தை உணர்ந்து நீந்த உதவும் சேனல்ரோடாப்சின் என்ற ஒரு புரதம் இருக்கிறது. அதற்கான மரபணுவை வைரஸில் ஏற்றி, வேண்டிய நரம்பணுக்களுக்குள் அனுப்புகிறார்கள். அப்புறம் நீல ஒளி பட்டால் போதும், புரதம் திறக்கும், நேர்மின் அயனிகள் உள்ளே பாயும், நரம்பணு கிளர்ந்துவிடும். ஸ்டான்ஃபோர்டில் கார்ல் டைசெராத், எட்வர்ட் பாய்டன் குழுவினர் 2005-இல் இதை நரம்பணுக்களில் செய்து காட்டினார்கள். 2011-இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் ஆண் சுண்டெலியின் மூளையடியில் உள்ள ஹைப்போதலாமஸில் ஒரு சிறு பகுதிக்கு ஒளி பாய்ச்சியபோது, அது காற்றடைத்த ரப்பர் கையுறையைக்கூடப் பாய்ந்து தாக்கியது! இதில் மரபியல் எங்கே இருக்கிறது?

> அப்படியானால் ‘ஒளித்தூண்டல்’ என்று சொல்லலாமே?

அம்மா, நீங்கள் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். ஆனால் இதே முறையில் நரம்பணுவை அடக்கவும் செய்கிறார்கள். ஹாலோரோடாப்சின் என்ற புரதம் மஞ்சள் ஒளியில் குளோரைடு அயனிகளை உள்ளே இறைத்து நரம்பணுவை அமைதியாக்கும். ‘தூண்டல்’ என்றால் பாதிக் கதை விட்டுப்போகும். ‘நரம்பு’ என்று சேர்ப்பதும் வேண்டாம், இதயத் தசைச் செல்களிலும் இந்த முறை வந்துவிட்டது.

என் பரிந்துரை: ஒளியாளுகை. தூண்டுவது, அடக்குவது இரண்டும் ஆளுகைக்குள் அடங்கும். மரபணுவை விட்டுவிட்டாயே என்று கேட்பீர்கள். கட்டுரையில் முதல் முறை வரும்போது ‘மரபணுவழி ஒளியாளுகை’ என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

புரதங்களுக்கும் பெயர் வேண்டும். சேனல்ரோடாப்சினுக்கு ‘ஒளிமதகு’ எனலாம். ஒளி பட்டால் திறக்கிறது, அயனி பாய்கிறது. ஏரி மதகைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஹாலோரோடாப்சின் மதகு இல்லை, இறைக்கும் சாதனம். கிணற்று ஏற்றம் நினைவுக்கு வந்து ‘ஒளியேற்றம்’ என்று எழுதிப் பார்த்தேன். குத்துவிளக்கு ஏற்றுவது போல ஆகிவிட்டது. ‘ஒளியிறைப்பி’ இருக்கட்டும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: ‘ஒரு பெட்டியில் எந்த மின்னதிர்ச்சியும் படாத சுண்டெலி அந்தப் பெட்டிக்கே அஞ்சும்படி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ஒளியாளுகை மூலம் பொய் நினைவு ஒன்றை உண்டாக்கினர்.’ தடங்கல் இல்லை. அதே இடத்தில் ‘ஒளிமரபியல் மூலம்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள்.

வினைச்சொல்லாக்கும்போதுதான் மக்கர் செய்கிறது. ‘நரம்பணுக்களை ஒளியாண்டனர்’ என்று எழுத எனக்கே கை வரவில்லை. ‘ஒளியாளுகைக்கு உட்படுத்தினர்’ என்பதோ அரசாணை வாசனை. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருக்கிறதா?